துணி சுற்றிய கட்டைவிரல்

"அப்ப அவங்க போலீசு இல்லியா?"

"இல்லக்கா."

"கப்பல் கம்பெனி ஆளுங்களா?"

"அதுவும் இல்ல. எத்தினி தபா கேப்ப? டீ ஆறிப் போவுது, குடி."

"போலீசும் இல்ல, கப்பலும் இல்ல. பின்ன ஒரு தொரசாணி இன்னாத்துக்கு பாய் என் வூட்டுக்கு வரணும்? நான் இன்னா மகாராணியா?"

"மகாராணியா இருந்தா அவ வரமாட்டாக்கா. உன்ன மாதிரி ஆளுங்கதான் அவளுக்கு ஓணும்" என்றான் மஜீது.

எண்ணூர் ரோட்டில் உப்பளத்துக்குத் திரும்பும் முனையில் மஜீதின் டீக்கடை இருந்தது. தென்னங்கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர். உப்பளத்து ஜனத்துக்கு உலகத்துச் சேதி எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் வந்தது. மஜீது காலையில் பேப்பரை உரக்கப் படிப்பான். நடுநடுவே தன் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்வான். அவன் கடைக்கு எதிரே, ரோட்டுக்குத் தாழ்வாக இருந்த குடிசை வரிசையில் கடைசி வீடு சொக்கம்மாளுடையது.

"ஜெனீவான்னு ஒரு ஊரு கீதாம். அங்க ஒரு சங்கம். எந்தெந்த தேசத்துல எந்தெந்த ஜனத்த ஒதுக்கி வச்சி மெதிக்கிறாங்கன்னு கேட்டு எழுதிகினு போய், எல்லா தேசத்துக்கும் தெரியற மாதிரி புஸ்தகமா போடுவாங்களாம். தென்னாப்பிரிக்கால நெட்டால் பக்கம் இவங்கள உள்ளயே வுடலியாம் அந்த சர்க்காரு. அதான் அங்கேருந்து வந்தவங்க எங்க கீறாங்கன்னு தேடிகினு வர்றாங்க. ராயபுரத்துல நாலு பேரப் பாத்தாச்சாம். காலடிப்பேட்டைல ஒரு கெழவன். அப்பால நீயும் உன் வூட்டுக்காரரு வேலப்பண்ணனும்."

"புஸ்தகம் போட்டா இன்னா ஆவும்?"

"அந்த சர்க்காருக்கு வெக்கமா பூடும்."

"வெக்கமா? அவனுக்கா?" சொக்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். டீ புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, சிரிப்பு அடங்குவதற்குள், "எம் புள்ளயக் கண்டுபுடிச்சிக் குடுப்பாங்களா பாய்?" என்று கேட்டாள்.

மஜீது கிளாசை அலசுவதுபோல் குனிந்துகொண்டான்.

"கேட்டுப் பாருக்கா. வாயைத் தொறந்து கேட்டாத்தான தெரியும்."

*

அன்றைக்கு உப்பளத்தில் வேலை இல்லை. முந்தின நாள் சாயங்காலம் காலமில்லாத காலத்தில் ஒரு மழை கொட்டித் தீர்த்துவிட்டது. வாரத்துக்கு மேலாகக் காய்ந்து, வாருவதற்குப் பக்குவமாக வெள்ளைத் தோல் கட்டியிருந்த பாத்திகள் எல்லாம் ஒரு நாழிகையில் வெறுந்தண்ணீராகிவிட்டன. கரையில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்களின் மேல் பனையோலையைப் போட்டு மூட ஆணும் பெண்ணும் ஓடியதில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. காலையில் வெயில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நின்றது. கழிமுகத்துப் பக்கமிருந்து சேற்று வாடை வீசியது.

வேலை இருந்திருந்தால் இந்நேரம் சொக்கம்மாள் முழங்கால் புடவையோடு பாத்திக்குள் நின்றிருப்பாள். நீளக் கம்பு பூட்டிய பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்து, கையால் அள்ளிக் கூடையில் நிரப்பி, தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் காலையும் கையையும் தின்னும். பித்த வெடிப்பில் உப்பு இறங்கும்போது புதிதாக வந்த பெண்கள் அழுவார்கள். இரண்டு பருவம் கழிந்தால் அழமாட்டார்கள்; தோல் மரத்துப் பலகையாகிவிடும்.

சொக்கம்மாளின் ஒன்பது விரல்களும் அப்படித்தான் இருந்தன. பத்தாவது விரல், வலது கைக் கட்டைவிரல், மட்டும் வேறு.

அதற்கு அவள் துணி சுற்றி வைத்திருந்தாள். பழைய வேட்டியில் கிழித்த விரலகலத் துண்டு. விடிகாலையில் அவிழ்த்து, அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, அடியிலிருந்து நுனிவரை இறுக்கமாகச் சுற்றி, நூலால் கட்டிக்கொண்டுதான் உப்பளத்துக்குப் போவாள். ராத்திரி படுக்கும்போதும் அவிழ்க்கமாட்டாள். வெள்ளிக்கிழமை தலை முழுகும்போது அவிழ்த்து, வெயிலில் நீட்டி, வெடிப்பு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் புதுத்துணி சுற்றுவாள். இந்த ஊருக்கு வந்து உப்பளத்தில் கால் வைத்த நாளிலிருந்து, இருபது வருஷமாக இதே வழக்கம்.

"வெரலா அது, வூட்டுக்கு வந்த மருமவளா? எந்நேரமும் முக்காடு போட்டு வச்சிகீறியே" என்று அடுத்த குடிசை சிலுவையம்மாள் கேலி செய்வாள்.

"ஆமாண்டி. என் வூட்டு சாவி அது. நீ உன் கழுத்துல சிலுவையக் கட்டிகினு இல்ல? அது மாதிரி."

சாவி என்று அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நெட்டாலில் கரும்புத் தோட்டத்தில் அவள் பிறந்து வளர்ந்தாள். அவளுடைய அப்பா அம்மாவைக் கூலிக்கு எழுதிக் கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். தோட்டத்தில் எல்லாமே கட்டைவிரலால்தான் நடந்தது. சாயங்காலம் கரும்பு வெட்டும் கத்தியை ஸ்டோரில் கொடுத்துவிட்டுக் கட்டைவிரலை மையில் ஒற்றி வைக்க வேண்டும். காலையில் மறுபடி வைத்தால் அதே கத்தி கைக்கு வரும். பெட்டியை, படுக்கையை, கழுத்துச் சங்கிலியைக்கூட ஸ்டோரில் விட்டுவிட்டு ஊருக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. விரல் வைத்து விட்டதை விரல் வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு தடவைகூட ஒரு சாமானும் தொலைந்ததில்லை. வெள்ளைக்காரத் துரை அடிப்பான், வைவான், கஞ்சியைக் குறைப்பான். ஆனால் விரலுக்கு எதிராகப் பொய் சொல்லமாட்டான். அதை அவள் குழந்தையிலிருந்து கண்ணால் கண்டிருந்தாள்.

ஊருக்கே திரும்பிவிடுகிறவர்களுக்குக் கப்பல் இலவசம், கையில் பணமும் தருகிறோம் என்று தமுக்கடித்தபோது, வேலப்பனுக்கு அவன் அப்பன் பிறந்த ஊரைப் பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. டர்பனில் கப்பலேறும் அன்று, ஏழு வயசு மகள் கெங்கம்மாவின் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்த டாக்டர், கண்நோவு, ஒட்டிக்கொள்ளும், ஏறக்கூடாது என்று ஓரமாக நிறுத்திவிட்டான். மூட்டை எல்லாம் கப்பலில். வேலப்பன் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து நின்றான். சொக்கம்மாள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது, வழியனுப்ப வந்திருந்த பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா, "எங்கிட்ட வுடு. கண்ணு ஆறினதும் அடுத்த கப்பல்ல நானே ஏத்தி வுடுறேன்" என்றாள். ஆபீசில் ஒரு மேஜைக்கு முன்னால் நிறுத்தி எல்லாரிடமும் கட்டைவிரல் வாங்கினார்கள். அழுத கண்ணோடு சொக்கம்மாளும் வைத்தாள்.

வைத்தபோது அவள் மனசு கொஞ்சம் அடங்கியது. பிள்ளையை விட்டுவிட்டு விரல் வைத்திருக்கிறோம். விரலைக் காட்டினால் பிள்ளை வரும்.

அடுத்த கப்பலில் கெங்கம்மா வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. பெற்றவர்கள் ஊரை விட்டுப் போனவர்கள், தனிப்பிள்ளைக்கு டிக்கட் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். அஜீசுன்னிசா யாரிடமாவது சொல்லி எழுதியனுப்புவாள். பிள்ளை வளர்ந்தாள், பீன்ஸ் கறி நன்றாகச் சமைக்கிறாள், கண்ணாலம் ஆயிற்று, டர்பனுக்கு மேற்கே குன்றில் தகரக் குடிசையில் இருக்கிறாள் என்று சேதி வரும். நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாசம், மஜீது பேப்பரைப் படித்துக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினான். டர்பனில் கலவரம், இந்தியர்களின் வீடு கடைகளுக்குத் தீ. அதற்குப் பிறகு சேதியே இல்லை.

அன்றிலிருந்து அவள் துணியை இன்னும் இறுக்கமாகச் சுற்றினாள்.

*

தொரசாணி வெயில் சாய்கிற நேரத்தில் வந்தாள். பேர் லிண்ட். ஒட்டவெட்டிய நரைமயிர், சுருங்கிய பருத்தி கவுன், சேற்றில் புதைந்த செருப்பு. கூட வந்தவர் ராயபுரத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தேவப்பிரியம். அவள் கேட்பதைத் தமிழிலும் இவர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்ல. மஜீது தன் கடை பெஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து குடிசை முன் போட்டான். வரிசையே திரண்டு நின்றது.

வேலப்பன் உள்ளிருந்து வந்து கதவோரம் குந்தினான். துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை பார்த்துப் பார்த்து அவன் தோல் மடிப்புகளில் கறுப்பு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டிருந்தது. இருமலும் அப்படித்தான். வந்தவர்களை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சொக்கம்மாள் சோளக்கஞ்சி காய்ச்சி வைத்திருந்தாள். நெட்டாலில் தோட்டத்து ஜூலு இனப் பெண் ஒருத்தி அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பக்குவம். இந்த வரிசையில் அதை மாட்டுத் தீனி என்பார்கள். லிண்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்பதுபோல் தலையசைத்து, மீதியையும் குடித்தாள்.

"பாத்தியாடி?" சொக்கம்மாள் சிலுவையம்மாளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"பசிக்கு எதுவும் எறங்கும்" என்றாள் சிலுவையம்மாள்.

கேள்விகள் நிதானமாக வந்தன. எங்கே பிறந்தீர்கள்? தோட்டத்தில் அடித்தார்களா? டவுனில் எந்தத் தெருவில் நடக்கக்கூடாது? ரயிலில் எந்தப் பெட்டி? சொக்கம்மாள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு வாய் திறந்துகொண்டது.

"தபால் ஆபீசுல ரெண்டு கதவு சார். அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. பீச்சாண்ட பெஞ்சுல வெள்ளக்காரனுக்கு மட்டும்னு எழுதி வச்சிருப்பான். நான் ஒரு தபா தெரியாம குந்திட்டேன். இவர எம் புள்ள முன்னாலயே தடியால அடிச்சான் போலீசு. குந்துனது நானு, அடி வாங்குனது இவரு." கதவோரம் கையைக் காட்டினாள். வேலப்பன் இருமினான். "எங்களயாவது தடியோட வுட்டான் சார். ஜூலுக்காரங்க கதி இன்னும் மோசம். எங்களுக்குக் கஞ்சி சொல்லிக் குடுத்தாளே, அவ புருசன வாரால அடிச்சிப் போட்டுட்டான். ஏழாம் நாளு செத்தான். அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

தேவப்பிரியம் சொன்னார். லிண்ட் எழுதினாள்.

"இங்கியும் நடந்தத சொல்லணுமா சார்?"

"இங்கன்னா?"

"இவரு அப்பன் ஊருல. ஆற்காட்டுக்கு அந்தாண்ட. கடலு தாண்டினவங்க, எந்த சாதிக்காரிய கட்டிகினு வந்தானோன்னு சொல்லி எங்கள கெணத்தத் தொட வுடல. ஒரு வருசம் வாய்க்கா தண்ணி குடிச்சோம். அப்பால பட்டணம் வந்தோம். இந்த வரிசையிலகூட, எங்க சிலுவையத் தவிர, மொதல்ல யாரும் கொழாயாண்ட வுடல. நெட்டால்காரி, கடைசியா நில்லும்பாங்க."

கூட்டத்தில் இரண்டு பேர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். தேவப்பிரியம் கொஞ்சம் தயங்கி, "அது இந்தியா விஷயம்மா. இவங்க கேக்க வந்தது அந்த தேசத்துல நடந்தது" என்றார்.

"அப்படியா? சரி சார். அதுக்கு வேற தொரசாணி வருவாளா?"

மஜீது பொங்கி வந்த சிரிப்பைத் துண்டால் மூடிக்கொண்டான். லிண்ட், என்ன சொன்னாள் என்று கேட்டாள். தேவப்பிரியம் சுருக்கமாக ஏதோ சொன்னார். அவள் பேனா சற்றே நின்றது. எழுதினாளா இல்லையா என்று சொக்கம்மாளுக்குத் தெரியவில்லை.

அப்புறம் கப்பல் கதை வந்தது. டாக்டர், கண்நோவு, அஜீசுன்னிசா. சொக்கம்மாள் அந்த இடத்தை இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லி அது வழவழப்பாகிவிட்டிருந்தது. அழாமல் சொன்னாள்.

"அப்ப ஆபீசுல வெரலு வச்சேன். அந்த வெரலுதான் இது." துணி சுற்றிய கட்டைவிரலை லிண்டின் முன்னால் நிமிர்த்திக் காட்டினாள். "பத்திரமா வச்சிகீறேன்னு சொல்லுங்க சார். உப்புத் தண்ணி ஒரு சொட்டு படவுடல. நீங்க என்ன அங்க இட்டுகினு போனாலும் சரி, இல்ல இத மையில ஒத்தி ஒரு காயிதத்துல எடுத்துகினு போயி அவங்ககிட்ட காட்டினாலும் சரி. வச்ச வெரலும் இதுவும் ஒண்ணா இருந்தா புள்ளயக் குடுத்துட வேண்டியதுதான? அவங்க வெரலுக்கு மாறி பேச மாட்டாங்க."

தேவப்பிரியம் மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முழுவதையும் சொன்னார். லிண்டின் முகம் மாறியது. இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். சொக்கம்மாள் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வாய்க்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"சொக்கம்மா," தேவப்பிரியம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அந்த கைநாட்டு எதுக்குன்னு அப்ப யாரும் சொல்லலியா?"

"எதுக்கு சொல்லணும்? வுட்டுட்டுப் போற சாமானுக்கு வைக்கிறதுதான."

"இல்லம்மா. இலவசக் கப்பல்ல வந்தவங்க எல்லாரும் ஒரே கைநாட்டுதான் வச்சாங்க. ராயபுரத்துல கேட்டோம், எல்லாரும் அதே சொல்றாங்க. இனிமே இந்த தேசம் எனக்கு வேணாம், இங்க எனக்கு எந்த பாத்தியதையும் இல்லன்னு எழுதிக் குடுத்து வச்ச கைநாட்டு அது. மனசு மாறினா மூணு வருசத்துக்குள்ள, குடுத்த பணத்தத் திருப்பிக் கட்டிட்டுப் போகலாம்னு இருந்தது. அதுக்கப்புறம் கெடையாது."

சொக்கம்மாள் சிரித்தாள். தப்பாகச் சொல்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"நீங்க வேற சார். வெரல வச்சா திருப்பிக் குடுப்பான். இதுல நான் பொறந்து வளந்தவ. நீங்க படிச்சவங்க, தோட்டத்துல இருந்ததில்ல." வீட்டுப் பக்கம் திரும்பினாள். "யோவ், நீ சொல்லு. சாருக்கு வெளங்கல."

வேலப்பன் தரையைப் பார்த்தபடி இருந்தான்.

"யோவ்."

"அவரு சொல்றது நெசம்தான்."

"இன்னா நெசம்?"

"அன்னிக்கே படிச்சாங்க. தமிழ்ல ஒருத்தன் படிச்சான். நீ புள்ளயக் கட்டிகினு அழுதுகினு இருந்த. உன் காதுல வுழல."

உப்பளத்துப் பக்கம் எங்கேயோ பம்பு ஒன்று தடதடவென்று மழைத் தண்ணீரை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது.

"உன் காதுல வுழுந்துதா?"

"வுழுந்தது."

"மூணு வருசம்ன்றதும்?"

"அதுவும்தான்."

"அந்தப் பணம்?"

"ஊருல அண்ணங்காரனுங்களுக்குக் குடுத்தேன். பரிகாரம் பண்ணி பந்தி போட்டா சேத்துக்குறோம்னானுங்க. தின்னானுங்க. உனக்குத் தெரியுமே." இருமல் வந்து அவனை ஆட்டியது. "சொல்லியிருந்தா நீ கப்பல் ஏறியிருக்க மாட்ட சொக்கு. ஏறினப்பறம் சொல்லியிருந்தா கடல்ல குதிச்சிருப்ப. அப்பால... தெனம் அந்த வெரலுக்கு துணி சுத்திகினு இருந்த. எந்த நாளு சொல்றது?"

சொக்கம்மாள் அவன் மேல் பாயவில்லை, வையவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பாத்தியில் உச்சி வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணில் அடித்து ஒரு நொடி எல்லாம் மறைந்துபோகுமே, அப்படி வேலப்பன் மறைந்தான், வாத்தியார் மறைந்தார், பெஞ்சு மறைந்தது. இருபது வருஷமாகத் தினம் காலையில் எண்ணெய் தடவிய கையை அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். எத்தனையோ நாள் அவனே நூலைக் கட்டிவிட்டும் இருக்கிறான், ஒற்றைக் கையால் அவளுக்கு முடிச்சுப் போட வராத நாட்களில்.

"தண்ணி குடிக்கா" என்று சிலுவையம்மாள் சொம்பை நீட்டினாள். கேலி போன குரல் அது. சொக்கம்மாள் வாங்கவில்லை.

லிண்ட் ஏதோ சொன்னாள். தேவப்பிரியம், "இதெல்லாம் கட்டாயம் எழுதணும்னு சொல்றாங்கம்மா. புரிய வைக்காம கைநாட்டு வாங்கினது பெரிய அநியாயம்ங்கறாங்க. நீங்க சொன்னது முழுக்க எழுதியாச்சு. படிச்சுக் காட்டுறேன். சரின்னா ஒரு கைநாட்டு..." என்று சொல்லிவிட்டு, சொன்ன வார்த்தையைக் கேட்டுத் தானே திகைத்து நிறுத்தினார்.

"இதுக்கும் கைநாட்டா?" என்றான் மஜீது.

"சொன்னது இவங்கதான்னு தெரியணும் இல்லியா? இல்லன்னா அந்த சர்க்கார், எல்லாம் கட்டுக்கதைன்னுடும்."

"வச்சா இன்னா போவும் இந்த தபா?" சொக்கம்மாள் கேட்டாள்.

"ஒண்ணும் போகாதும்மா."

"படிங்க சார். மொத்தமும் படிங்க. இப்ப காதுல வுழட்டும்."

தேவப்பிரியம் படித்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். செத்துப்போன ஜூலுக்காரனும் அதில் இருந்தான். கெங்கம்மா என்ற பேர் மூன்று இடத்தில் வந்தது. படித்து முடித்ததும் அவள் மடியில் கையை வைத்து, பல்லால் நூலைக் கடித்து அறுத்து, துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. இத்தனை வருஷமாக ஒரே வரிசையில் இருந்தும் அந்த விரலைப் பார்க்காதவர்கள் பலர்.

விரல் வெள்ளையாக, பிறந்த குழந்தையின் விரல்போல மெத்தென்றிருந்தது. மற்ற விரல்களில் இருந்த வெடிப்பு ஒன்றுகூட அதில் இல்லை. நிறைய நாள் இருட்டில் இருந்த ஏதோ ஒன்று வெளியே வந்ததுபோலக் காற்றில் லேசாக நடுங்கியது.

"எப்பிடி வச்சிகீறா பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

சொக்கம்மாளுக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

தேவப்பிரியம் மைப்பெட்டியைத் திறந்தார். அவள் கையைப் பிடித்து விரலை மையில் உருட்டி, காகிதத்தின் அடியில் வைத்து எடுத்தார்.

கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

"மை கூடிப் போச்சு" என்றார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி மெல்ல ஒற்றினார். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதிலும் ஒரு கோடு இல்லை. மூன்றாம் தடவை லிண்டே எழுந்து வந்து ஒற்றி எடுத்தாள்; பிறகு சொக்கம்மாளின் விரலைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு விரலை விடாமல் அப்படியே நின்றாள்.

"இன்னா சார்? இன்னா பாக்குறாங்க?"

"ரேகை இல்லம்மா."

"இருக்குமே. நல்லாப் பாக்கச் சொல்லுங்க. நான் தொடவேயில்லியே, உப்புல படவேயில்லியே."

மஜீது குனிந்து, அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்தான். மடித்துப் பார்த்தான். அது விறைப்பாக, வெயிலில் காய்ந்த கருவாடுபோல் மடங்க மறுத்தது. எண்ணெயைத் தாண்டி இழைக்குள் உப்பு இறங்கிப் பொரிப்பொரியாகப் பூத்திருந்தது. "நாள் பூரா தண்ணியில நிக்கிற... துணி தண்ணியக் குடிச்சிகினு அப்பிடியே ஒட்டிகினு இருந்திருக்குக்கா. ராவும் பகலும். சும்மா வுட்டிருந்தா காத்துலயாவது காஞ்சிருக்கும்." சொல்லிவிட்டுத் துணியைக் கீழே போடவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வேற விரல் வைக்கலாம், பரவாயில்லை" தேவப்பிரியம் அவசரமாகச் சொன்னார். அவளுடைய இடது கையை எடுத்து, கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். பாளம் பாளமாய் வெடித்த விரல். காகிதத்தில் வெள்ளை வெள்ளையாய் வெடிப்புகள் விழுந்தன. அவற்றுக்கு நடுவே, வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக, ரேகைகள் தெளிவாக இருந்தன. இருபது வருஷமாக யாரும் காப்பாற்றாத விரல்.

"அவ்வளவுதாம்மா. இது போதும்" என்றார் தேவப்பிரியம். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

சொக்கம்மாள் அந்த ரேகையைப் பார்த்தாள். பக்கத்தில் வரிசையாக இருந்த மூன்று மொட்டை வட்டங்களைப் பார்த்தாள். வலது கட்டைவிரலைப் புடவையில் தேய்த்து, கண்ணுக்கருகே கொண்டுபோய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். நாக்கில் தொட்டு ஈரப்படுத்தி மறுபடி பார்த்தாள். உப்புக் கரித்தது. கதவோரத்திலிருந்து வேலப்பன், "சொக்கு" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

லிண்ட் காகிதங்களைச் சேர்க்காமல் நின்றாள். கெங்கம்மா பேரை எழுதிக்கொண்டதாகவும், டர்பனில் தெரிந்தவர்கள் மூலம் விசாரிப்பதாகவும், வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லச் சொன்னாள். தேவப்பிரியம் சொன்னார். சொக்கம்மாள் தலையாட்டினாள். கேட்டாளா என்று தெரியவில்லை. அப்புறம் திடீரென்று கையை நீட்டி லிண்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மை அந்த வெள்ளைத் தோலில் கோடில்லாமல் அப்பியது.

"சார், இத சொல்லுங்க. நான் சொல்றபடியே சொல்லுங்க. அங்க அந்த ஆபீசுல என் வெரலு கீது. அன்னிக்கு வச்சேனே, அது. அது நல்ல வெரலு சார், எல்லா கோடும் இருந்த வெரலு. அவங்க எத்தயும் தொலைக்க மாட்டாங்க, பத்திரமாத்தான் வச்சிகினு இருப்பாங்க. என்னதான் வேணாம்னுட்டாங்க இல்ல, அப்பறம் அது மட்டும் அவங்களுக்கு இன்னாத்துக்கு? புள்ளய அப்பால கேக்குறேன். மொதல்ல என் வெரல வாங்கியாந்து குடுக்கச் சொல்லுங்க சார்."